ஈரல் செல் தன் தொழிலை மறக்காமல் இருக்க

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ரயில்வே அனுபவக் கட்டுரை. 1981-இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்து, 2003-இல் மண்டலம் பிரிந்தபோது தென்மேற்கு ரயில்வேக்கு மாறி, 2018-இல் ஓய்வு பெற்று, இன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையோரம் குடியிருப்பவன் நான். எழுதுவதற்குத் தண்டவாளக் கதைகள் நிறைய உண்டு. ஆனால் இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது மனிதனின் கல்லீரலைப் பற்றி.

திருச்சியில் சிவில் டிப்ளமா படித்தவனுக்கு ஈரலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐந்தாறு வருடங்களுக்கு முன் எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் பிறகு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானின் மாத்திரை

என் அக்காவின் கணவருக்கு இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அப்படிப் பொருத்தியவர்கள், ரத்தம் உறைந்து வால்வை அடைத்துவிடாமல் இருக்க, வார்ஃபரின் என்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் கட்டும்; கூடினால் கசியும். அதனால் மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்ப்பார்கள். அத்தானுக்கு அந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். தினம் 4 மில்லிகிராமில் பல வருடம் நின்றது.

2019 ஆரம்பத்தில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்து. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து உண்டு. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பலருக்குத் தெரிந்திருக்கும். அதைச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். சரசரவென்று இறங்கியது. இருதய மருத்துவர் வார்ஃபரினைப் படிப்படியாக ஏற்றி 10 மில்லிகிராம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். எண் பழையபடி சரியானது. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஜூலையில் காசநோய் மருந்து முடிந்தது. காசநோய் வேறு இடத்தில், இருதயம் வேறு ஊரில். ஓரிடத்துச் சீட்டை மற்றோர் இடத்தில் யாரும் பார்க்கவில்லை. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் குளிக்க வேண்டும் என்று அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சில வாரங்கள் தங்கினார்கள். இடையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், 10 மில்லிகிராம் கணக்கில் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தவன் நான்தான்.

முதலில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் கடினம் என்று வேறு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். பிறகு கையில் நீலத் திட்டுகள். ஒரு நாள் விடியற்காலையில் தலைவலி, வாந்தி. மைசூருக்குக் கொண்டுபோனபோது ஐ.என்.ஆர். 9-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அக்கா மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். பெங்களூரில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். "மாமா, தினமும் என் கையால் ஈரல் செல்களில் ரிஃபாம்பிசினைத்தான் ஊற்றுகிறேன். அது என்ன செய்யும் என்று எனக்கு மனப்பாடம். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை" என்றாள்.

அவளிடம் அன்று நான் கேட்க ஆரம்பித்த கேள்விகளுக்கு அவள் சொன்ன விளக்கங்களும், பிறகு நானாகப் படித்தவையும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஈரல் என்னும் பெரிய யார்டு

நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைபவை. அப்படி இருந்தால்தான் குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர முடியும். ஆனால் அதே குணத்தால் சிறுநீர் வழியாக எளிதில் வெளியே போகமாட்டா. அவற்றை நீரில் கரையும் பொருளாக மாற்றி அனுப்பும் பொறுப்பு முக்கியமாகக் கல்லீரலுடையது. சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள இந்த உறுப்பின் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ரயில்வே மொழியில் சொன்னால், கொக்கி இல்லாத ஒரு வேகனை யார்டிலிருந்து இழுத்துப்போக முடியாது. முதல் கட்டத்தில் மருந்தின் மூலக்கூறில் பெரும்பாலும் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகி ஒரு கொக்கி போடுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்தக் கொக்கியில் நீரில் கரையும் பொருள் ஒன்றை மாட்டுகிறார்கள். பிறகு சிறுநீரிலோ பித்தத்திலோ அது வெளியேறிவிடும். சில மருந்துகள் நேரே இரண்டாம் கட்டத்துக்கே போவதும் உண்டு.

முதல் கட்டத்தில் கொக்கி போடும் தொழிலாளிகளில் முக்கியமானவை சைட்டோகுரோம் பி-450 என்ற என்சைம்கள். தமிழில் நொதி என்று எழுதுகிறோம். மனிதனிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 ஜீன்கள் இருக்கின்றன. மருந்துகளைக் கவனிப்பவை அவற்றில் பத்துப் பன்னிரண்டுதான். 3ஏ4 என்ற எண்ணுள்ள ஒன்றே மருந்துகளில் மிகப் பெரும் பங்கைக் கையாளுகிறது. அத்தான் சாப்பிட்ட வார்ஃபரினின் வீரியமான பாதியை அழிப்பது 2சி9 என்ற மற்றொன்று.

450 என்ற எண் எப்படி வந்தது

1958-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே, ஈரல் செல்லின் நுண்துகள்களில் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் ஒரு நிறப்பொருள் தென்படுவதைக் கண்டார்கள். ஜப்பானைச் சேர்ந்த ஒமுரா, சாட்டோ இருவரும் 1962-இல் அதற்கு பி-450 என்று பெயர் வைத்தார்கள். பி என்பது நிறப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அந்த நிறத்துக்குக் காரணம் ஹீம். ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புப் பொருள்தான் இந்த என்சைமின் நடுவிலும் இருந்து ஆக்சிஜனைப் பிடித்துத் தருகிறது.

இந்த இடத்தில் நமக்கெல்லாம் பெருமையான ஒரு செய்தி. பெங்களூரில் பழைய ஆட்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் இந்த பி-450 பற்றி ஆராய்ந்தவர் பேராசிரியர் கோ. பத்மநாபன். 1938-இல் சென்னையில் பிறந்தவர். தஞ்சைப் பக்கத்துக் குடும்பம். இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து, மனம் ஒட்டாமல் வேதியியலுக்கு வந்தவர். 1994 முதல் 1998 வரை அந்தக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். 2003-இல் பத்மபூஷண் பெற்றார்.

அவரும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி இது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிடோன் என்ற மருந்தை எலிக்குக் கொடுத்தால், அதன் ஈரலில் சில பி-450 என்சைம்கள் பல மடங்கு பெருகுகின்றன. எப்படி? மருந்து வந்ததும் அந்த என்சைமின் ஜீன் விழித்துக்கொண்டு அதிகம் வேலை செய்கிறது. ஆனால் உடலில் ஹீம் உற்பத்தியைத் தடுத்துவிட்டால் ஜீன் அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. ஆகவே ஹீம் என்பது என்சைமின் ஓர் உறுப்பு மட்டுமல்ல, அந்த என்சைம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். 1989-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் இது பற்றிய அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

இதிலிருந்து நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. ஈரலில் இந்த என்சைம்களின் அளவு நிலையானது அல்ல. வருகிற சரக்கைப் பார்த்து ஆள் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே எப்போதும் நடக்கிறது. அத்தானின் உடலில் நடந்தது அதுதான். ரிஃபாம்பிசின் வந்ததும் 2சி9, 3ஏ4 இரண்டும் பெருகின. வார்ஃபரின் வேகமாக அழிந்தது. அதனால் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் இரண்டு மூன்று வாரங்களில் கூடுதல் ஆட்கள் கலைந்துபோனார்கள். மாத்திரை மட்டும் 10 மில்லிகிராமிலேயே நின்றது.

உடலுக்கு வெளியே ஒரு ஈரல்

ஒரு புதிய மருந்து இப்படி மற்ற மருந்துகளைப் பாதிக்குமா என்பதை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். எலியில் பார்த்தால் போதாதா என்று நான் கேட்டேன். போதாது என்றாள். மருந்து வந்த செய்தியை ஜீனுக்குச் சொல்லும் ஒரு புரதம் ஈரல் செல்லில் உண்டு, பி.எக்ஸ்.ஆர். என்று பெயர். மனிதனுடைய பி.எக்ஸ்.ஆர். ரிஃபாம்பிசினை நன்றாக அடையாளம் காணும். எலியினுடையது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. எலியை மட்டும் நம்பியிருந்தால் ரிஃபாம்பிசின் சாது மருந்து என்று எழுதிவிட்டிருப்போம். ஆகவே மனித ஈரல் செல்லே வேண்டும்.

அது எங்கிருந்து வருகிறது? உறுப்பு தானமாகக் கிடைத்து, மாற்று அறுவைக்குப் பொருந்தாமல் போன ஈரலிலிருந்தோ, அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த பகுதியிலிருந்தோ, உரியவர்கள் சம்மதத்துடன் எடுக்கிறார்கள். ஈரலுக்குள் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது கொலாஜன் என்ற நார்ப்பொருள். அதைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற என்சைமை ரத்தக்குழாய் வழியாகவே வெதுவெதுப்பாகச் செலுத்தினால் ஈரல் குழைந்து செல்கள் தனித்தனியாகப் பிரியும். 1969-இல் பெர்ரி, ஃப்ரெண்ட் என்ற இருவர் வெளியிட்ட இந்த முறைதான், செக்லன் என்பவர் 1970-களில் செய்த திருத்தங்களுடன், இன்றும் அடிப்படை. முதலில் கால்சியம் இல்லாத திரவத்தை ஓடவிட்டுப் பிணைப்பைத் தளர்த்துவது, பிறகு கொலாஜனேஸ் என்று இரண்டு படி.

பிரித்த செல்களைத் தட்டில் ஊட்டத் திரவத்தோடு வைத்தால் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். ஆனால் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. செல் சாவதில்லை; தன் தொழிலை மறந்துவிடுகிறது. எலியின் ஈரல் செல்லைச் சாதாரணத் தட்டில் வைத்தால் ஒரு நாளிலேயே பி-450 பாதியளவுக்குக் குறைந்துவிடும். இன்னும் இரண்டு மூன்று நாளில் மிஞ்சுவது சொற்பம். மனித செல்லில் இறக்கம் சற்று மெதுவாக இருக்கும், ஆனால் இறக்கம் உண்டு. இரண்டாம் கட்டத்து என்சைம்கள் இதைவிட அதிக நாள் தாக்குப் பிடிக்கின்றன. ஆக, கொக்கி போடுகிறவர்கள் எல்லாரும் போய், மாட்டுகிறவர்கள் மட்டும் நிற்கிற யார்டு போலாகிவிடுகிறது.

இதில் ஆபத்து என்னவென்றால் தவறான நற்சான்று கிடைத்துவிடும். நமக்கெல்லாம் தெரிந்த பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நேரே இரண்டாம் கட்டத்தில் கழிந்துவிடும். ஒரு சிறு பகுதியை மட்டும் பி-450 ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. சாதாரண அளவில் குளுட்டதயோன் என்ற காவல்பொருள் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் காவல்பொருள் தீர்ந்து ஈரலே கருகும். இப்போது பி-450 மறைந்துபோன செல்லில் பாராசிட்டமாலை எவ்வளவு ஊற்றினாலும் நச்சு அவ்வளவாக உருவாகாது, செல்லுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பார்ப்பவர் இது பாதுகாப்பான மருந்து என்று எழுதிவிடுவார்.

ஏன் மறக்கிறது?

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். பெங்களூர்-மைசூர் பாதையை இரட்டையாக்கியபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய கட்டடம். இடிக்கக் கூடாது. 2017-இல் அதன் அடியில் இரும்பு உத்திரங்களைச் செலுத்தி, ஜாக்கிகளால் தூக்கி, கட்டடத்தை முழுதாக நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். நான் அந்தப் பணியில் இல்லை. ஓய்வு நாளில் போய் வேடிக்கை பார்த்தவன்தான். அங்கே எல்லாரும் கவனித்தது ஒன்றைத்தான்: கட்டடம் தன் மண்ணை விட்டுப் பெயரும்போது அடித்தாங்கல் ஓர் இடத்தில்கூடத் தளரக்கூடாது. தளர்ந்தால் சுவர் வெடிக்கும்.

ஈரல் செல்லை எடுக்கும்போது நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. தாங்கலை எல்லாம் கரைத்துவிட்டுத்தான் செல்லைப் பெயர்க்கிறோம். அதனால் வருகிற கேடுகளை அக்கா மகள் நாலாகச் சொன்னாள்.

முதலாவது, அதிர்ச்சி. பிரித்தெடுக்கும் வேலையே செல்லுக்கு ஒரு காயம். காயமும் அழற்சியும் வந்தால் பி-450 ஜீன்களை அடக்குவது ஈரலின் இயல்பு. கடுமையான காய்ச்சல் காலத்தில் சில மருந்துகள் உடலில் அதிகம் தங்குவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, வடிவம். ஈரலுக்குள் இந்தச் செல் பலமுகக் கட்டிபோல் இருக்கும். ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் பித்தம் ஓடும் நுண்கால்வாய், மற்ற பக்கங்களில் அண்டை செல்கள். பிளாஸ்டிக் தட்டில் விழுந்ததும் தோசை மாவுபோல் பரவித் தட்டையாகிவிடும். அண்டையும் இல்லை, பக்கமும் இல்லை. ஈரல் ஜீன்களை இயக்கும் எச்.என்.எஃப்.4 போன்ற புரதங்கள் அப்போது குறைகின்றன.

மூன்றாவது, சாப்பாடும் ஹார்மோனும் ஆக்சிஜனும். ஈரல் செல் ஆக்சிஜனை அதிகம் கேட்கும். தட்டிலுள்ள திரவத்தில் ரத்தச் சிவப்பணு கிடையாது. கரைந்திருக்கும் சிறிதளவு ஆக்சிஜன்தான்.

நான்காவது, ஹீம். அதிர்ச்சிக்குள்ளான செல்லில் ஹீமைச் சிதைக்கும் என்சைம் கூடுகிறது. ஹீம் குறைந்தால் பி-450 வெறும் கூடாகிவிடும். புதிதாக உருவாவதும் தளரும். பத்மநாபன் குழுவினர் எலியின் ஈரலில் கண்ட ஹீமின் முக்கியத்துவத்தைத் தட்டிலும் மறக்க முடியாது.

நினைவூட்டும் வழிகள்

இந்த மறதியைத் தடுக்க உலகெங்கும் நாற்பது ஐம்பது வருடமாக முயற்சி நடக்கிறது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊட்டத் திரவத்தைச் சீராக்குவது முதல் வழி. இன்சுலினும், மிகச் சிறு அளவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்க்கிறார்கள். ஹீம் தயாரிப்புக்கு மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலம் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. ஃபினோபார்பிடோன் சேர்த்தால் சில பி-450-கள் நன்றாகவே நிற்கும்; ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் நிற்காது. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே ஆட்கள் மாறியிருப்பார்கள்.

துணைக்கு வேறு செல்களைச் சேர்த்து வளர்ப்பது இரண்டாம் வழி. பிரான்சில் ரென் நகரத்தில் கிறிஸ்தியான் குகன்-கியூசோ என்ற பெண் விஞ்ஞானியின் குழு 1983-இல் இதைக் காட்டியது. ஈரலிலிருந்தே எடுத்த வேறுவகைச் செல்களை அருகில் வைத்தால் ஈரல் செல்கள் வாரக்கணக்கில் தங்கள் குணத்தைக் காத்தன. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் நமக்கே தெம்பாக இருப்பதில்லையா, அதைப் போல.

மூன்றாவது, கொலாஜன் சாண்ட்விச். அமெரிக்காவில் பாஸ்டனில் டன், யார்முஷ் முதலியோர் 1989-இல் வெளியிட்டது. அடியில் ஒரு கொலாஜன் படுகை, அதன்மேல் செல்கள், அவற்றின்மேல் மறுபடி ஒரு கொலாஜன் படுகை. ஈரலுக்குள் செல்லின் இரு பக்கமும் நார்ப்பொருள் இருக்கும் என்பதை அப்படியே பின்பற்றியது. செல் கட்டியான வடிவத்துக்குத் திரும்பி, பித்தக் கால்வாயையும் மீண்டும் அமைத்துக்கொள்கிறது. மேலே ஒரு மெல்லிய படுகை போடுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு வியப்பாக இருந்தது. தண்டவாளத்தில் சரளைக்கல் செய்யும் வேலையும் வெளியே தெரியாததுதான்.

நான்காவது, செல்களைத் தட்டையாகப் பரப்பாமல் உருண்டைகளாகத் திரளவிடுவது. ஐந்தாவது, திட்டமிட்ட தீவுகள். சல்மான் கேதானியும் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சங்கீதா பாட்டியாவும் அமெரிக்காவில் 2008-இல் வெளியிட்டது. மனித ஈரல் செல்களைக் கணக்கிட்ட அளவில் சிறு சிறு தீவுகளாக வைத்து, சுற்றிலும் துணைச் செல்களை நிரப்பினார்கள். சில வாரங்கள் வரை மருந்தை மாற்றும் சக்தி நின்றது.

பெங்களூரிலும் முயற்சி உண்டு. இந்திய அறிவியல் கழகத்தோடு தொடர்புடைய பான்டோரம் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் மனித ஈரல் திசுவை உருவாக்கியதாக 2015-இல் அறிவித்தது. அதன் முதல் பயன் மருந்துப் பரிசோதனை என்றே அவர்கள் சொன்னார்கள்.

புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த செல்களை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டேன். ஹெப்-ஜி2 என்ற அப்படிப்பட்ட செல் பல வருடமாக எல்லாக் கூடங்களிலும் உண்டாம். முடிவில்லாமல் பெருகும், ஆனால் பி-450 மிகவும் சொற்பம். ரென் நகரத்திலேயே 2002-இல் வெளியிட்ட ஹெபா-ஆர்.ஜி. என்ற வகை அதைவிட எவ்வளவோ மேல். தக்கபடி வளர்த்தால் பி-450-ஐ நன்றாக வெளிக்காட்டும். இருந்தாலும் அது ஒரே நோயாளியிடமிருந்து வந்தது. மனிதருக்கு மனிதர் என்சைம் அளவு மாறும் என்பதால் பல பேருடைய செல்களும் வேண்டியிருக்கிறது. அவற்றைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் உறையவைத்து, வேண்டும்போது எடுத்து உருக்கிக்கொள்கிறார்கள்.

சோதனைக்கு மூன்று பேருக்குக் குறையாமல் தானம் செய்தவர்களின் செல்களை எடுப்பார்கள். ஒரு வரிசையில் புதிய மருந்து. ஒரு வரிசையில் ஒன்றுமில்லாத திரவம். இன்னொரு வரிசையில் ரிஃபாம்பிசின். இரண்டு மூன்று நாள் கழித்து 3ஏ4 எவ்வளவு கூடியது என்று அளப்பார்கள். ரிஃபாம்பிசின் ஊற்றிய செல்லில் என்சைம் பெருகினால்தான் அந்தத் தட்டு உயிரோட்டமாக இருக்கிறது என்று பொருள். பெருகாவிட்டால் செல் தன் தொழிலை மறந்துவிட்டது. அந்தச் சோதனையையே தள்ளிவிடுவார்கள். அத்தானைக் கொண்டுபோன அந்தக் குணம்தான் அங்கே அளவுகோல். இதை அவள் சொன்னபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தச் சோதனைகளுக்குச் சட்டத்திலும் இப்போது இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை நீக்கியது. இந்தியாவிலும் 2023-இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித செல்களைக் கொண்டு செய்யும் சோதனைகளையும் ஏற்க வழி செய்தார்கள்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

வெளியூரில் குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் பாதி நாள் ஊரில், பாதி நாள் பிள்ளைகளிடம். இருதய வைத்தியர் திருச்சியில், சர்க்கரை வைத்தியர் மைசூரில், மாத்திரை வாங்குவது பெங்களூரில். சீட்டு தமிழ்நாட்டில் எழுதியது, கடைக்காரர் பேசுவது கன்னடம். நடுவில் நாம்தான் தூது. ஆகவே சில விஷயங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பொடி எல்லாம் அதில் சேரட்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

புது மருந்து தொடங்கும்போது மட்டுமல்ல, ஒரு மருந்தை நிறுத்தும்போதும் மற்ற வைத்தியர்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் தவறவிட்டது இதைத்தான். காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமைக்கான மருந்து இவை இருந்தால் இரட்டிப்பு கவனம் வேண்டும். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. காசநோய் மருந்தை இடையில் விட்டால் அது வேறு பெரிய ஆபத்து.

பம்ளிமாஸ் பழம், இங்கே சக்கோத்தா என்பார்கள். தேவனஹள்ளிப் பக்கம் பேர்போனது. அதுவும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலிலுள்ள 3ஏ4-ஐ முடக்கக்கூடியவை. சில கொழுப்பு மாத்திரைகளும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் அப்போது உடலில் அளவுக்கு மேல் சேரும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மதுப் பழக்கம் உள்ளவர்களும், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாக, வைத்தியர் சொன்னபடிதான். சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு, கறுத்த மலம் இவற்றை வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் கண்டால் பிரஷ் மாற்றாதீர்கள். அன்றே ஐ.என்.ஆர். பாருங்கள்.

சென்ற ஆடிப்பெருக்குக்கு அக்காவும் மகளும் வந்திருந்தார்கள். காவிரியில் குளித்து வந்ததும் அவள் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு தாளில் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, உங்கள் பெட்டி எங்கே?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த மலரைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டிலும் ஒரு தாள் எழுதுவீர்களானால், ரயில்வே கதையை விட்டுவிட்டு இதை எழுதியதற்கு மலர்க் குழுவினர் என்னை மன்னித்துவிடுவார்கள்.